பேய்க் கதை படிக்கலாமா?

பையன் மூலையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்கிறான். அட்டையில் பாழடைந்த கோட்டை. மேலே வௌவால். கீழே ஒரு கோர முகம்.

தாயார் பார்த்துவிடுகிறாள்.

"கீழே வைடா அதை! ராத்திரி தூக்கத்தில் உளறப் போகிறாய்!"

பல வீடுகளில் இது நடக்கிறது. தாயார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேய்க் கதை என்ற பெயரில் வரும் குப்பைகள் ஏராளம். ஓர் அலறல், ஒரு குடம் ரத்தம், அதோடு கதை முடிந்துவிடும். அதைப் படித்தால் தூக்கம் கெடும். வேறு பலன் இல்லை.

ஆனால், எல்லாப் பேய்க் கதைகளும் அப்படி அல்ல. உலகத்தின் பெரிய எழுத்தாளர்கள் சிலர் பேயையும் பூதத்தையும் வைத்து எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்தால் முதலில் பயம் வரும். பயத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடாது.

அப்படிப்பட்ட ஐந்து புத்தகங்களை இங்கே பார்க்கலாம்.

வேதாளம் காட்டிய வழி

பேய் வந்து கேள்வி கேட்பது நமக்குப் புதிது அல்ல. விக்கிரமாதித்தன் கதையைக் கேட்காதவர் உண்டா?

நடுநிசி. மயானம். மரத்தில் தொங்குகிறது வேதாளம். ராஜா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வழியில் வேதாளம் கதை சொல்கிறது. கதை முடிவில் ஒரு கேள்வி போடுகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்து சொன்னாலோ, வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்!

இந்தக் கதையைப் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்தார்கள். பாட்டியின் மடியில் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்துக்கொண்டார்கள். ஆனால், "யார் செய்தது நியாயம்? யார் மேல் குற்றம்?" என்று யோசிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ரிச்சர்டு பர்ட்டன் என்று ஓர் ஆங்கிலேயர். அவர் இந்த வேதாளக் கதைகளில் சிலவற்றைத் தம் போக்கில் ஆங்கிலத்தில் எழுதினார். 1870-ம் ஆண்டு லண்டனில் அது புத்தகமாக வந்தது. வேதாளத்துக்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயர் 'வாம்பயர்'. ரத்தக் காட்டேரி என்று அர்த்தம். இந்தப் பர்ட்டன் பின்னால் ஒரு தடவை வருவார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார் சுழி

இங்கிலாந்தில் திகில் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஹொரேஸ் வால்போல். இவருடைய தகப்பனார் ராபர்ட் வால்போல், பிரிட்டனின் முதல் பிரதம மந்திரி என்று பெயர் பெற்றவர். மகனுக்குப் பழைய கோட்டைகள் மீது மோகம். லண்டனுக்குப் பக்கத்தில் டிவிக்கன்ஹாம் என்ற இடத்தில், தம் வீட்டையே கோட்டை மாதிரி கட்டிக்கொண்டார்.

1764 டிசம்பரில் 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற கதையை வெளியிட்டார். கதையின் ஆரம்பமே அமர்க்களம்! கலியாண நாள். மாப்பிள்ளையைக் காணோம். தேடுகிறார்கள். முற்றத்தில் ஒரு பிரம்மாண்டமான இரும்புத் தலைக்கவசம் விழுந்து கிடக்கிறது. அதன் அடியில் மாப்பிள்ளை நசுங்கிச் செத்துக் கிடக்கிறான்!

"இதை எழுதியது நான்தான்" என்று சொல்லிக்கொள்ள வால்போல் முதலில் முன்வரவில்லை. பழைய இத்தாலியக் கதை ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று போட்டுவிட்டார். மறு பதிப்பில்தான் உண்மையைச் சொன்னார். அப்போது தலைப்புக்குக் கீழே 'ஒரு கோதிக் கதை' என்று அச்சிட்டார்.

கோதிக் என்பது ஐரோப்பாவின் பழைய கட்டடப் பாணி. கூரான வளைவுகள், வானளாவிய கோபுரங்கள், இருண்ட நடைகள் கொண்டது. அத்தகைய இடங்களில் நடக்கும் திகில் கதைகளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வால்போலின் கதை இன்று கொஞ்சம் பழசாகத் தோன்றும். சரித்திரத்துக்காகத் தெரிந்துகொண்டால் போதும். நாம் வாங்கிப் படிக்க வேண்டியவை அதற்குப் பின்னால் வந்தவை. சாதுவான பேயிலிருந்து தொடங்குவோம்.

1. கஞ்சனும் ஆவிகளும்

புத்தகம்: 'எ கிறிஸ்துமஸ் காரல்'. எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஆண்டு 1843.

ஸ்க்ரூஜ் ஒரு மகா கஞ்சன். லண்டனில் லேவாதேவி செய்பவன். குமாஸ்தாவின் அறையில் குளிர் காய ஒரு துண்டு கரிக்கு மேல் கொடுக்க மாட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு அவன் வீட்டுக்கு ஓர் ஆவி வருகிறது. ஏழு வருஷத்துக்கு முன் செத்துப்போன அவனுடைய கூட்டாளி மார்லியின் ஆவி!

அந்த ஆவி ஒரு நீண்ட சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறது. அது எதனால் செய்த சங்கிலி தெரியுமா? பணப்பெட்டிகள், சாவிகள், பூட்டுகள், கணக்குப் புத்தகங்கள்! உயிரோடு இருந்தபோது அவன் எவற்றைக் கட்டிக்கொண்டு அழுதானோ, அவையே செத்த பிறகு அவனைக் கட்டிக்கொண்டன.

அப்புறம் மூன்று ஆவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்று கடந்த காலத்தைக் காட்டுகிறது. ஒன்று நிகழ்காலத்தைக் காட்டுகிறது. மூன்றாவது ஆவி வாயே திறப்பதில்லை. அது வருங்காலத்தைக் காட்டுகிறது. ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். அழ ஆள் இல்லை. வேலைக்காரி அவன் கட்டிலின் திரைச் சீலையைக்கூட உருவிக்கொண்டு போய் விற்றுவிடுகிறாள். அவனிடம் கடன்பட்ட ஒரு கணவனும் மனைவியும், "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். செத்தவன் யார்? ஸ்க்ரூஜ்தான்!

ஆவி கேட்கும் கேள்வி இதுதான்: நீ போன பிறகு உனக்காக அழ யார் இருக்கிறார்கள்?

இந்தப் புத்தகத்தில் மறக்க முடியாத கட்டம் இன்னொன்று உண்டு. இரண்டாவது ஆவியின் அங்கிக்கு அடியில் இரண்டு குழந்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக, பார்க்கவே பயங்கரமாக இருக்கிறார்கள். பெண்ணின் பெயர் வறுமை. பையனின் பெயர் அறியாமை. இருவரிலும் பையனைக் கண்டுதான் அதிகம் அஞ்ச வேண்டும் என்று ஆவி எச்சரிக்கிறது. கதையில் வரும் எல்லா ஆவிகளையும்விடப் பயங்கரமானது எழுத்தறியாமைதான் என்று டிக்கன்ஸ் நினைத்தார்!

அதற்குக் காரணம் உண்டு. அவருக்கு 12 வயதானபோது, 1824-ம் ஆண்டு, தகப்பனார் கடனுக்காகச் சிறைக்குப் போனார். பள்ளிக்கூடம் நின்றது. பூட்ஸ் மை தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டும் வேலைக்குப் போனார் சிறுவன் டிக்கன்ஸ். அந்த வேதனைதான் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

சின்னப் புத்தகம். குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கலாம். முதலில் இதை வாங்குங்கள்.

2. குகைக்குள் விடுகதை

புத்தகம்: 'தி ஹாபிட்'. எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆண்டு 1937.

இது குழந்தைகளுக்கு எழுதிய மாயாஜாலக் கதை. ஹாபிட் என்பது மனிதனில் பாதி உயரமுள்ள ஓர் இனம். பாதத்தில் ரோமம். செருப்பே கிடையாது. சாப்பாட்டில் மட்டும் குறை வைக்க மாட்டார்கள்! அந்த இனத்தைச் சேர்ந்த பில்போ, வீட்டை விட்டு நகராத ஆசாமி. ஒரு மந்திரவாதியும் 13 குள்ளர்களும் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மலைக்குள் நெருப்புக் கக்கும் டிராகன் ஒன்று குள்ளர்களின் பொக்கிஷத்தைப் பறித்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதை மீட்கத்தான் இந்தப் பயணம்.

வழியில் பில்போ தனியாக ஓர் இருட்டுக் குகையில் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே கோலம் என்று ஒரு விசித்திரப் பிராணி. அதற்கும் இவனுக்கும் விடுகதைப் போட்டி நடக்கிறது. பில்போ ஜெயித்தால் வெளியே போக வழி காட்டும். தோற்றால் அவனைத் தின்றுவிடும்! நம் வேதாளத்தைப் போலவே கேள்வியில் உயிர் தொங்குகிறது.

போட்டி முடிந்தது. பில்போவிடம் ஒரு மாய மோதிரம் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. கையில் கத்தி இருக்கிறது. வழியை மறித்துக்கொண்டு கோலம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே குத்தில் தீர்த்துவிடலாம். ஆனால், அந்தப் பிராணியின் தனிமையையும் இருட்டு வாழ்க்கையையும் நினைத்துப் பார்க்கிறான் பில்போ. மனம் இரங்குகிறது. அதன் தலைக்கு மேல் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறான்.

கொல்ல முடியும் என்பதற்காகக் கொல்லலாமா? குழந்தைகளிடம் இதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்க முடியுமா?

டோல்கீன் 4 வயதில் தகப்பனாரையும், 12 வயதில் தாயாரையும் இழந்தவர். முதல் உலக யுத்தத்தில், 1916-ம் ஆண்டு, பிரான்சில் சோம் போர்க்களத்தில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களை யுத்தத்தில் பறிகொடுத்தவர். பிற்பாடு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். கொல்வதும் கொல்லாமல் விடுவதும் அவருக்கு வெறும் கதை அல்ல.

இந்தப் புத்தகம் வெளிவந்ததில் ஒரு சுவையான சம்பவம் உண்டு. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கையெழுத்துப் பிரதியைத் தம் 10 வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். "குழந்தைகள் புத்தகத்துக்குக் குழந்தைதான் நீதிபதி" என்பது அவர் கொள்கை. பையன் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங்! அதே ரேனர் வளர்ந்து பெரியவனாகி, டோல்கீனின் அடுத்த பெரிய கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சேறவும் காரணமாக இருந்தார். அது 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

3. ஒரே ஆள், இரண்டு முகம்

புத்தகம்: 'டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைடு'. எழுதியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ஆண்டு 1886.

டாக்டர் ஜெகில் லண்டனில் பெரிய மனிதர். பணம், படிப்பு, மரியாதை எல்லாம் உண்டு. அவர் வீட்டுப் பின்வாசல் வழியாக ஹைடு என்ற ஒருவன் வந்து போகிறான். பார்த்தாலே அருவருப்பு. ஒரு சிறுமியைக் காலால் மிதித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறான். ஒரு கிழவரைத் தடியால் அடித்தே கொன்றுவிடுகிறான். இத்தகைய கிராதகனுக்கு டாக்டர் ஏன் இடம் கொடுக்கிறார்? அவருடைய வக்கீல் துப்பு விசாரிக்கிறார்.

ரகசியம் இன்று ஊரறிந்தது. இருவரும் ஒருவரே! தம் கெட்ட ஆசைகளை யாருக்கும் தெரியாமல் அனுபவிக்க, டாக்டர் ஒரு மருந்து கண்டுபிடித்தார். குடித்தால் ஹைடு. மறுபடி குடித்தால் ஜெகில். வெகு சௌகரியம்!

ஆனால், நடந்தது என்ன? ஒருநாள் காலையில் படுக்கையில் கண் விழிக்கிறார். போர்வை மேல் கிடக்கும் கையைப் பார்க்கிறார். அது ரோமம் அடர்ந்த ஹைடின் கை! மருந்து குடிக்காமலே மாறிவிட்டார். அவிழ்த்துவிட்ட மிருகம் இனிக் கட்டுக்குள் வராது. கடைசியில் மருந்தும் தீர்ந்துபோகிறது.

கேள்வி: யாரும் பார்க்கவில்லை என்றால் நீ யார்?

ஸ்டீவன்சன் எடின்பரோ நகரத்துக்காரர். அந்த ஊரில் 18-ம் நூற்றாண்டில் பிரோடி என்று ஒரு தச்சு மேஸ்திரி இருந்தார். நகர சபை அங்கத்தினர். பகலில் கனவான். இரவில் கன்னக்கோல் திருடன்! 1788-ம் ஆண்டு அவனைத் தூக்கில் போட்டார்கள். பிரோடி செய்த ஓர் அலமாரி ஸ்டீவன்சன் வீட்டில் இருந்தது. சிறு வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் ஒருநாள் கனவு கண்டு அலறினார். மனைவி தட்டி எழுப்பினாள். "நல்ல கதை ஒன்று கிடைத்தது, கெடுத்துவிட்டாயே!" என்று கோபித்துக்கொண்டாராம். அந்தக் கனவிலிருந்து பிறந்தது இந்தக் கதை.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. பெரியவர்களுக்கு இன்னும் ஏற்றது!

4. கண்ணாடியில் தெரியாத மனிதன்

புத்தகம்: 'டிராகுலா'. எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். ஆண்டு 1897.

சினிமாவில் டிராகுலாவைப் பார்க்காதவர் குறைவு. படித்தவர் அதைவிடக் குறைவு. சினிமாவில் இல்லாத சுவை புத்தகத்தில் இருக்கிறது.

ஹார்க்கர் என்ற இளம் வக்கீல், ஒரு வீடு வாங்கும் காரியமாக டிரான்சில்வேனியா மலைநாட்டுக்குப் போகிறான். அங்கே பாழடைந்த கோட்டையில் டிராகுலா பிரபு. காலையில் ஹார்க்கர் முகச் சவரம் செய்துகொள்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது. பிரபு பின்னால் நிற்கிறார். ஆனால் கண்ணாடியில் அவர் உருவம் தெரியவில்லை! இன்னோர் இரவு ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறார்!

அந்த ரத்தக் காட்டேரி கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு வருகிறது. கரை தட்டிய கப்பலில் உயிரோடு ஒரு மனிதன் இல்லை. செத்துப்போன கப்பல் தலைவன் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டுண்டு நிற்கிறான்.

முழுக் கதையும் டைரிகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள் மூலமாகவே சொல்லப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். எல்லாத் துண்டுகளையும் டைப் அடித்துத் தேதிவாரியாக அடுக்கி, சத்துரு யார் என்று காட்டிக் கொடுப்பவள் ஒரு பெண். ஹார்க்கரின் மனைவி மீனா.

இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. சத்துருவை வேட்டையாடப் புறப்படும் ஆண்கள், "பாவம், பெண்பிள்ளை! இனி இவளிடம் எதையும் சொல்ல வேண்டாம்" என்று தீர்மானிக்கிறார்கள். அவள் பயப்படக் கூடாதாம்! நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? அவர்கள் வெளியே சுற்றும் நேரத்தில், தனியாக இருந்த மீனாவைக் காட்டேரி கடித்துவிடுகிறது. பிறகுதான் புத்தி வருகிறது. மறுபடி அவளையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவள் யோசனையால்தான் சத்துரு பிடிபடுகிறான்.

பயத்தை மறைத்தால் பாதுகாப்பா? பகிர்ந்துகொண்டால் பாதுகாப்பா? இது டிராகுலா கேட்கும் கேள்வி.

ஸ்டோக்கர் டப்ளினில் பிறந்தவர். ஏழு வயது வரை நடக்க முடியாத நோயாளிப் பிள்ளை. படுக்கையில் கிடந்த மகனுக்குத் தாயார் கதை சொன்னார். 1832-ம் ஆண்டு அயர்லாந்தில் ஸ்லைகோ ஊரைக் காலரா சூறையாடியபோது தாம் கண்ணால் கண்ட கோரங்களையும் சொன்னார். மகன் கெட்டுப்போகவில்லை. லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மானேஜராக 27 வருஷம் இருந்தார். ஓய்வு நேரத்தில் எழுதினார். டிராகுலாவுக்குக் குறிப்பு எடுக்கத் தொடங்கியது 1890-ல். புத்தகம் வந்தது ஏழு வருஷம் கழித்து. டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனது இல்லை!

வேதாளத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பர்ட்டனைச் சொன்னோம் அல்லவா? ஸ்டோக்கர் அவரை நேரில் சந்தித்துப் பேசியவர். பேசும்போது பர்ட்டனின் கோரைப் பல் கத்தி மாதிரி பளிச்சிட்டது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

டிராகுலா வாலிப வயதினருக்கு உரியது. சிறுவர்களுக்கு வேண்டாம்.

5. மழையில் பிறந்த பூதம்

புத்தகம்: 'ஃபிராங்கன்ஸ்டைன்'. எழுதியவர் மேரி ஷெல்லி. ஆண்டு 1818.

ஐந்தில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

1815 ஏப்ரலில், இந்தோனேசியாவில் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. புகையும் தூசியும் வானத்தில் உயர எழும்பி உலகமெங்கும் பரவின. சூரிய வெளிச்சம் மங்கியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக் காலமே வரவில்லை. குளிர், மழை. பயிர்கள் அழிந்தன.

அந்த 1816-ம் ஆண்டு ஜூனில், சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பங்களாவில் சிலர் கூடியிருந்தார்கள். பைரன் பிரபு, அவருடைய டாக்டர் பாலிடோரி, கவிஞர் ஷெல்லி, ஷெல்லியின் காதலி மேரி. மழை விடவில்லை. வெளியே போக முடியவில்லை. பேய்க் கதை படித்துப் பொழுதைப் போக்கினார்கள். "நாம் ஆளுக்கு ஒரு பேய்க் கதை எழுதினால் என்ன?" என்றார் பைரன்.

இரண்டு பெரிய கவிஞர்களும் எழுதி முடிக்கவில்லை. முடித்தவள் மேரி. அவளுக்கு அப்போது வயது 18! டாக்டர் பாலிடோரியும் ஒரு ரத்தக் காட்டேரிக் கதை எழுதினார். அது 1819-ல் வெளிவந்தது. டிராகுலாவுக்கு அது மூத்த அண்ணன்.

மேரியின் கதையில் வரும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஒரு மாணவன். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்கிறான். அதற்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்து பார்க்கிறது. அதன் விகாரத்தைக் கண்டு விக்டர் ஓடிவிடுகிறான்!

பலர் அந்தப் பூதத்தின் பெயர்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று நினைக்கிறார்கள். அது தவறு. அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. பெயர் வைக்கக்கூட அவன் நிற்கவில்லை.

அந்தப் பூதம் பிறக்கும்போது கெட்டது அல்ல. காட்டில் அலைந்து, ஒரு குடிசைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. குடிசையில் ஓர் ஏழைக் குடும்பம். குருட்டுக் கிழவர், மகன், மகள். அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பூதம் பேசக் கற்றுக்கொள்கிறது. படிக்கவும் கற்றுக்கொள்கிறது. இரவில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறது. ஒருநாள் துணிந்து கிழவரிடம் போய்ப் பேசுகிறது. அவருக்குக் கண் தெரியாது. அதனால் அன்போடு பேசுகிறார். அதற்குள் மகன் வந்துவிடுகிறான். அடித்து விரட்டுகிறான்.

அன்றுதான் அது பூதம் ஆகிறது. தன்னைப் படைத்தவனைப் பழிவாங்கப் புறப்படுகிறது. விக்டரின் சின்னத் தம்பியைக் கொல்கிறது. பழி அந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் மேல் விழுகிறது. அவள் குற்றமற்றவள் என்று விக்டருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொள்கிறான். அந்தப் பெண்ணைத் தூக்கில் போடுகிறார்கள்!

விடை தெரிந்தும் சொல்லாதவன் தலை வெடிக்கும் என்றது நம் வேதாளம். விக்டருக்கு நடந்தது அதுதான். நண்பன் போனான். மணநாள் இரவில் மனைவி போனாள். கடைசியில், வட துருவப் பனிப் பாலைவனத்தில் தன் படைப்பைத் துரத்திக்கொண்டே போய் உயிர் விடுகிறான்.

பெற்றவன் கைவிட்ட பிள்ளை கெட்டுப்போனால், குற்றம் யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்க மேரிக்கு உரிமை இருந்தது. அவள் பிறந்த சில நாட்களில் அவளுடைய தாயார் இறந்துபோனார். 1815-ல் அவளுக்கே குறை மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. பெற்றவள் இல்லாத பிள்ளையின் துயரமும், பிள்ளையை இழந்த தாயின் துயரமும் அவளுக்குத் தெரியும். புத்தகம் 1818 ஜனவரியில் வெளிவந்தது. 500 பிரதிகள். ஆசிரியர் பெயர் போடவில்லை. 1823-ல் வந்த மறு பதிப்பில்தான் பெயர் வந்தது.

இன்று இரண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அணுகுண்டைப் பற்றிப் பேசினாலும், தானே யோசிக்கும் யந்திரத்தைப் பற்றிப் பேசினாலும், உலகம் இந்தப் பெயரைத்தான் சொல்கிறது. செய்ய முடிகிறது என்பதற்காகச் செய்துவிட்டு, பிறகு ஓடிப்போகலாமா என்று அந்த 18 வயதுப் பெண் அன்றே கேட்டுவிட்டாள்.

எப்படிப் படிப்பது?

இந்தப் புத்தகங்களுக்கு மூலத்தைத் தவிர, எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய பதிப்புகளும் உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஊர் நூல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களுக்குச் சில யோசனைகள்:

முதலில் நீங்கள் படியுங்கள். பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா என்று நீங்களே தீர்மானியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு டிக்கன்ஸும் டோல்கீனும் போதும்.

பிள்ளையைத் தனியாகப் படிக்க விட வேண்டாம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கும் இது நல்ல பழக்கம்.

பிள்ளை பயந்தால் பரிகாசம் செய்ய வேண்டாம். "எந்த இடத்தில் பயம் வந்தது? ஏன்?" என்று கேளுங்கள். பயத்துக்கு வாய் கிடைத்தால் அதன் பலம் பாதி குறைந்துவிடும்.

கதை முடிந்ததும் கேள்வியைப் போடுங்கள். விக்டர் செய்தது சரியா? பில்போ கோலத்தைக் கொன்றிருக்கலாமா? அப்பா ஒன்று சொல்லட்டும். அம்மா ஒன்று சொல்லட்டும். பிள்ளை மூன்றாவதாக ஒன்று சொல்லும். அதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்!

பிள்ளைகளுக்குப் பயம் புத்தகத்திலிருந்து வருவது இல்லை. அது முன்பே அவர்களிடம் இருக்கிறது. இருட்டைக் கண்டு பயம். அம்மா எங்கேயாவது போய்விடுவாளோ என்று பயம். அப்பாவின் கோபத்தைக் கண்டு பயம். பெயர் தெரியாத அந்தப் பயங்களுக்கு நல்ல கதை ஒரு பெயர் கொடுக்கிறது. ஒரு முகம் கொடுக்கிறது. அதன் முன்னால் நின்று பேசலாம் என்று தைரியமும் கொடுக்கிறது.

விக்கிரமாதித்தன் வேதாளத்தைக் கண்டு ஓடவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். நம் பிள்ளைகளும் அப்படி நடக்கட்டும். கூட ஒரு பெரியவர் நடந்தால் போதும்.